எட்டை அழுத்தினால் மேலே போகும் அம்பு

அன்புள்ள மாப்பிள்ளை சேகருக்கு,

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. உயிரோடு இருந்தவரை உங்களுக்கு ஒரு வரி எழுதியதில்லை. இப்போது எழுத உட்கார்ந்தால் கம்ப்யூட்டரைப் பற்றித்தான் எழுத வருகிறது. சிரிக்காதீர்கள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. புரிய வைக்க வேண்டிய ஆள் கடைச் சுவரில் மாலையோடு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

காரியம் முடிந்ததும் பத்திரிகை அடிக்கும் கடையைத் திறக்கச் சொன்னது வசந்தாதான். "முகூர்த்த சீசன் வந்துடுச்சு அண்ணா. ரெண்டு பேரும் சேலையூர் வீட்டுல உக்காந்து அழுதா அவர் திரும்பி வரப் போறாரா?" என்றாள். உங்கள் பெண்டாட்டிக்கு, என் தங்கைக்கு, இவ்வளவு தெம்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நீங்கள் சொல்லிக்கொடுத்த அளவுக்கு அவள் டைப் செய்கிறாள். நான் வழக்கம்போல மதியம் போய் ஸ்கிரீனில் ப்ரூஃப் பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகையில் பெயர்தானே எல்லாம்? பெரியப்பா பெயர் சித்தப்பா பெயருக்குக் கீழே போய்விட்டால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா?

போன வாரம் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. வைரஸ் என்றார்கள். சர்வீஸ் பாபு வந்து, இருந்ததையெல்லாம் அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தான். வசந்தா டைப் செய்து வைத்த பத்திரிகையைப் பார்க்க நான் போய் உட்கார்ந்தேன். ஸ்கிரீனின் மேல்பகுதியில் பெரிய எழுத்து வரும் பட்டையைக் காணோம். வலது பக்கத்து நம்பர் பட்டனில் எட்டை அழுத்தினேன், அம்பு மேலே போகவில்லை. ஆறை அழுத்தினேன், அது வலது பக்கம் நகரவில்லை. பத்திரிகையின் நடுவில் எண்பத்தாறு என்று வந்து விழுந்ததாம். அதுகூட வசந்தா சொல்லித்தான் தெரியும்.

பாபுவைத் திரும்பக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"என்னப்பா இது, நல்லா இருந்த கம்ப்யூட்டரைக் கெடுத்து வெச்சிருக்க?"

"இன்னா சார் கெட்டுது? எல்லாம் சரியாத்தான கீது?"

"மேல பெரிய எழுத்து வருமே, அது எங்க?"

"எந்தப் பெரிய எழுத்து சார்? எந்தக் கம்ப்யூட்டர்லயும் அப்டி வராது. அம்பை நவுத்தணும்னா மவுஸைப் புடிச்சு நவுத்துங்க. அதுக்குத்தான மவுஸே கீது. சும்மா பேஜார் பண்ணாத சார்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு வருஷமாக நான் பார்த்த கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாதா? புது விண்டோஸ் போட்டதும் நீங்கள்தானே பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தீர்கள்? "மச்சான், இது இப்படித்தான். எட்டு மேல, ரெண்டு கீழ, நாலு இடது, ஆறு வலது, நடுவுல அஞ்சு தட்டினா க்ளிக். அம்பு எங்க போகுதோ அந்த இடம் மேல பெருசாத் தெரியும்." எவ்வளவு அருமையான சாமான் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உலகத்தில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டரும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன், மாப்பிள்ளை.

பாபுவுக்கு நிரூபித்துக் காட்ட வேண்டும் என்று தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் சென்டருக்கே போனேன். வரிசையாக வைத்திருந்தார்கள். ஒன்றில்கூட அந்தப் பட்டை இல்லை. பிள்ளைகள் எல்லாம் மவுஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று தோன்றியது. நீங்கள் எனக்குக் காட்டியது என்ன? நானாகவே கனவு கண்டேனா?

அங்கே பாடம் நடத்தும் கிரேஸ் என்ற பெண்தான் நின்று கேட்டாள். நான் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். அவள் எங்கெங்கோ க்ளிக் செய்தாள். திடீரென்று மேலே பட்டை வந்தது. எழுத்து பெரிதாகத் தெரிந்தது. இன்னொன்றைத் தட்டினாள், நம்பர் பட்டனை அழுத்தியதும் அம்பு நகர்ந்தது. எனக்கு உங்களையே பார்த்ததுபோல இருந்தது.

"இது உள்ளேயே இருக்கு சார், யாரும் யூஸ் பண்றதில்ல. பார்வை கம்மியா இருக்கறவங்களுக்காக வெச்சிருக்காங்க. மவுஸ்னா அம்பு சட்டுனு ஓடிடும், கண்ணு தொலைச்சுடும். பட்டன்ல மெதுவா நகரும். உங்க வீட்ல யாருக்கு சார் பார்வை கம்மி?"

என் மாப்பிள்ளைக்கு இருந்திருக்கும், தவறிவிட்டார் என்றேன். வேறு என்ன சொல்வது? பஸ்ஸில் வரும்போது அழுதேன். கண் தெரியாமலா அத்தனை பத்திரிகை செய்தீர்கள்? நாற்பத்தைந்து வயதில் நெஞ்சுவலி வந்து போன மனுஷனுக்கு இந்தக் கஷ்டமும் இருந்ததா? பக்கத்திலேயே இருந்த எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

நேரே உங்கள் வீட்டுக்குப் போய் வசந்தாவிடம் கேட்டேன். அவள் வாசல் பைப்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். குடம் நிறைந்து வழிந்தது. குழாயை மூடாமல் நின்றாள்.

"அவருக்கு இல்ல அண்ணா. உங்களுக்கு."

"எனக்கா?"

"போன வருஷம் ஒரு பத்திரிகையில பொண்ணோட அப்பா பேரே இல்லாம விட்டுட்டீங்க. அவர் வேற பத்திரிகை அடிச்சுக் குடுத்துட்டார், உங்ககிட்ட மூச்சு விடல. அப்புறம்தான் இதையெல்லாம் தேடிக் கண்டுபிடிச்சு வெச்சார். சொல்லுங்கன்னு நான் சொன்னேன். அப்பா இடத்துல இருந்து எனக்குப் பொண்ணு குடுத்தவர், அவர்கிட்டப் போய் உங்களுக்குக் கண்ணு தெரியலன்னு நான் எப்படி சொல்றதுன்னு கேட்டார்."

மறுநாளே வசந்தா என்னைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். என் சர்க்கரை கண்ணில் இறங்கியிருக்கிறது. இடது கண்ணில் போனது போனதுதானாம். வலது கண்ணில் மிச்சம் இருப்பதை லேசர் வைத்து நிறுத்திப் பார்க்கலாம் என்றார். "ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா ரெண்டையும் காப்பாத்தியிருக்கலாமே. எழுத்து மங்கலா இருந்தது உங்களுக்கே தெரியலையா?" என்று கேட்டார்.

எப்படித் தெரியும், மாப்பிள்ளை? மங்கலாக இருந்தால்தானே தெரியும்? நீங்கள்தான் எல்லாவற்றையும் பெரிதாக்கி வைத்துவிட்டீர்களே.

இதுதான் என் குழப்பம். உங்கள் காலில் விழுவதா, சண்டைக்கு வருவதா என்று தெரியவில்லை. என் மனம் நோகக்கூடாது என்று யாரும் தொடாத மூலையெல்லாம் தேடி அதை எடுத்து வைத்தீர்கள். நான் பெற்ற பிள்ளை இருந்திருந்தால்கூட இவ்வளவு செய்திருக்க மாட்டான். அதை நினைத்து உங்கள் போட்டோவைப் பார்த்துக் கும்பிடுகிறேன். உடனே இடது கண்ணை மட்டும் திறந்து பார்க்கிறேன், உங்கள் போட்டோவில் மாலை தெரிகிறது, முகம் தெரியவில்லை. அப்போது ஆத்திரம் வருகிறது. சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்திருப்பேன். பண்டிகைக்கு உங்கள் வீட்டுக்கு வராமல் இருந்திருப்பேன். அவ்வளவுதானே? மச்சானின் முகம் கோணுவது அவ்வளவு பெரிய விஷயமா?

ஒருவேளை நான் முகத்துக்கு நேரே எதையும் சொல்ல முடியாத ஆள்தானா? பெண் கொடுத்த வீடு, பெண் எடுத்த வீடு என்று நாமிருவரும் வாங்க போங்க என்று மரியாதையாகவே இருந்துவிட்டோம். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம், ஒருநாள்கூட ஒருவரை ஒருவர் அதட்டிக்கொள்ளவில்லை.

இப்போது ப்ரூஃபை வசந்தாவே பார்க்கிறாள். பெயர்களை உரக்கப் படிக்கிறாள், எந்தப் பெயர் எதற்குக் கீழே வரும் என்று நான் சொல்கிறேன். நேற்று ஒரு இடத்தில் நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். வந்திருந்த கஸ்டமர் முன்னாடியே, "அண்ணா, தப்பு, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று அதட்டினாள். எனக்கு முகம் சுருங்கியது உண்மைதான். பிறகு சரியாகச் சொன்னேன், கடை நடந்தது.

வெள்ளிக்கிழமை வலது கண்ணுக்கு லேசர். உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்தக் கண் ஒரு இம்மி மங்கினாலும் அன்றைக்கே வசந்தாவிடம் சொல்வேன். அவள் எது சொன்னாலும் கோபித்துக்கொள்ளாமல் கேட்பேன். கோபித்தாலும் கேட்பேன். உங்களால் சொல்ல முடியாமல் போனதை அவளாவது சொல்லட்டும்.

இப்படிக்கு,
கோபித்துக்கொண்டாலும் உங்கள் பேச்சைக் கேட்டிருப்பேன் என்று நம்ப ஆசைப்படும்,
உங்கள் மச்சான்