வராதவரின் மறுப்பு

மாசி 9, சனி.

மதகு திறந்தாயிற்று.

எங்கள் ஏரிச் சங்கத்தில் ஐந்து பேர். ஐவரும் சம்மதித்தால்தான் தண்ணீர். மேல்மடைக் கோதண்டம் மூன்று கூட்டமாக வரவில்லை. அவர் வயல் நனைந்தே இருக்கிறது. வராவிட்டால் மறுப்பு என்று எடுத்துக்கொள்வது இங்கே வழக்கம். கதிர் விடும் நேரத்தில் எங்கள் கடைமடை வயல் வெடித்துக் கிடந்தது.

இன்று அப்பாவுக்குப் பதில், கல்லூரியில் உலக அரசியல் படிக்கும் நான் போனேன். ஐ.நா. பாதுகாப்புச் சபையிலும் ஐந்து வல்லரசுகளில் ஒன்று மறுத்தால் தீர்மானம் செத்துவிடும், ஆனால் வராமல் இருப்பது மறுப்பு ஆகாது என்றேன்.

தலைவர் சிரித்தார். "இன்னா பாப்பா, ஒலகத்த முடிச்சிட்டு நம்ம ஏரிக்கு வந்துக்கீறியா?"

மதகு திறக்கும் ஏழுமலை அண்ணன் எழுந்துவிட்டார். "அது கரெக்டு தலைவரே. வோணாம்னா வந்து சொல்லணும். வூட்ல குந்திக்கினு இருந்தா?"

நான்கு கைகள் உயர்ந்தன. என்னுடையதும்.

சாயங்காலம் வரப்பில் நின்றேன். படித்த எந்தத் தீர்மானமும் இப்படி ஓடிவந்து என் காலை நனைத்ததில்லை.

அடுத்த கூட்டத்துக்கு முதல் ஆளாக வருவதாகக் கோதண்டம் சொல்லியனுப்பியிருக்கிறார். அப்பாவுக்குப் பயம். எனக்கும் கொஞ்சம். ஆனாலும் வரட்டும். மறுப்பதானால் எங்கள் முகத்தைப் பார்த்து மறுக்கட்டும்.