முகப்பு மட்டும் பெரிது

மார்ச் 3, திங்கள்

அருங்காட்சியகத்துக்குப் பழைய மினி கம்ப்யூட்டர் ஒன்று வந்திருக்கிறது. பீரோ உயரம். எந்த மாடல், எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடும் என்று பார்த்துச் சொல்லக் காப்பாளர் என்னைக் கூப்பிட்டார். கூடவே என் சகலையையும். முப்பது வருடம் இவற்றைப் பழுது பார்த்தவன் நான். புத்தகம் படித்துக் கற்றுக்கொண்டவர் அவர். இரண்டு பேரும் ஒன்றா? மாமனார் வீட்டில்தான் அவர் புராணம் என்றால், இங்கேயுமா?

மார்ச் 4, செவ்வாய்

முகப்பிலிருந்த எண்ணைப் பார்த்ததுமே சகலை சொல்லிவிட்டார்: "பெரிய மாடல் சார். நாலஞ்சு பேர் ஒரே நேரத்துல வேலை பாக்கற சிஸ்டத்தையே போட்டுடலாம்."

காப்பாளருக்கு வாயெல்லாம் பல். "திறப்பு விழாவுல நீங்களே ஓட்டிக் காட்டுங்க."

முகப்பு பெரிய மாடலுடையதுதான். உள்ளே இருப்பது சின்னது. ஒரே ஆள் வேலை பார்க்கும் சிஸ்டம்தான் அதில் ஓடும். எனக்கு எப்படித் தெரியும்? உடைந்த முகப்பைக் கழற்றிவிட்டு, கைக்குக் கிடைத்ததை மாட்டியவனே நான்தானே! அதன் பின்பக்கம் சீட்டுகூட ஒட்டினேன்: ‘முகப்பு மட்டும் பெரிது. 14-8-86.’ கீழே என் கையெழுத்து.

மார்ச் 5

சொல்லிவிடலாமா? சொல்லவில்லை.

மார்ச் 7, வெள்ளி

"தங்கச்சி வீட்டுக்காரர் ஃபோட்டோ பேப்பர்ல வந்திருக்கு, பாத்தீங்களா?" என்றாள் மனைவி. பார்த்தேன். வயிறு எரிகிறது. எழுதினால் என்ன, எரியத்தான் எரிகிறது.

மார்ச் 11, செவ்வாய்

ஒத்திகை. சகலை டிஸ்க்கிலிருந்து சிஸ்டத்தை ஏற்றினார். இரண்டு வரி அடித்துவிட்டு நின்றது. மூன்று தடவையும் அப்படியே. அவர் முகம் செத்துப்போயிற்று. எனக்கோ உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து முகப்பைக் கழற்ற ஆரம்பித்ததும் நான் டீ குடிக்க நழுவிவிட்டேன்.

திரும்பி வந்தபோது முகப்பு பழையபடி மாட்டியிருந்தது. சகலை காப்பாளரிடம் பேசிக்கொண்டிருந்தார்: "தப்பு என்னோடது சார். உள்ள பாக்காம சொல்லிட்டேன். இது சின்ன மாடல். என் சகலை இதுல பழம் தின்னு கொட்டை போட்டவர், அவரே ஓட்டட்டும்."

சீட்டு? விழுந்திருக்கும். நாற்பது வருடப் பசை.

மார்ச் 14, வெள்ளி

திறப்பு விழா. ஒரு ஆள் சிஸ்டத்தை நான்தான் ஏற்றினேன். முதலில் தேதி கேட்டது. இந்த வருடத்தை அடித்தேன்; ஏற்கவில்லை. மறுபடி அடித்தேன். ம்ஹூம். அதற்குத் தெரிந்த வருடங்கள் எப்போதோ தீர்ந்துவிட்டன. கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

சகலை காதருகே குனிந்தார்.

"எம்பத்தாறு, ஆகஸ்ட் பதினாலு போடுங்க சகல."

சீட்டில் நான் எழுதிய தேதி. போட்டேன். ஓடியது. எல்லோரும் எனக்குக் கை தட்டினார்கள். அவரும் தட்டினார். பாவி மனுஷன் — இதிலும் என்னை முந்திவிட்டார்.