'சேகரித்தவர்' என்ற வரி

பாச்சா உருண்டை வாசம் மூக்கில் ஏறியதுமே உன் நினைவு வந்துவிட்டது. நேற்று அடையாறில், நாம் இருவரும் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்தில், கடற்பாசிகளை உலர்த்தி ஒட்டிய பழைய தாள்களைக் கண்ணாடிக்குள் வைத்துக் கண்காட்சி நடத்தினார்கள். நீதான் இல்லை; உன் மகளைக் கூட்டிப் போயிருந்தேன். ஒவ்வொரு தாளாகக் குனிந்து படித்தவள் நிமிர்ந்து கேட்டாள்: "எங்கப்பா பேரு எங்க, மாமா?"

எங்கே இருக்கும்? கோவளத்துப் பாறைகளில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பாசி பறித்தது நீ. தட்டில் தண்ணீர் ஊற்றி, அடியில் தாளைச் செருகி, ஈர்க்குச்சியால் இழை இழையாகப் பிரித்து உலர்த்தியதும் நீ. ஜீப்பை விட்டு இறங்காமல் பிளாஸ்க் காபி குடித்தவர் இயக்குநர். 'சேகரித்தவர்' என்ற வரியில் அவர் பெயர்!

அதிகாரி பெயர்தான் போட வேண்டும், கூலியாள் பெயர் கூடாது என்பது வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன வழக்கம். அவன் கப்பலேறிவிட்டான். நம் ஆட்கள் அந்த வழக்கத்தை மட்டும் தூசு தட்டிப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். "தாத்தா காலத்துல தொரை பேரு, இப்ப டைரக்டர் பேரு. கடல்ல எறங்கறது மட்டும் எப்பவும் நாங்கதான்" என்று சிரிப்பாய்.

தாளில் ஒட்டும் பெயர்ச் சீட்டுகளை டைப் அடிப்பது என் வேலை. ஒரே ஒரு முறை கேட்டாய். "ஒண்ணே ஒண்ணுல என் பேர அடி மச்சி. பொண்ணுக்குக் காட்டணும்." அடித்தேன். ஒட்டப் போகும்போது மெமோ பயம் வந்துவிட்டது. இயக்குநர் பெயரில் வேறு சீட்டு அடித்து ஒட்டினேன். "பரவால்ல வுடு" என்றாய். நீ என்னைத் திட்டியிருக்க வேண்டும்.

நேற்று பொறுப்பாளரிடம் சண்டைக்குப் போனேன். "ரெக்கார்டுல அந்தப் பேரே இல்லையே சார்" என்றார் அந்த இளைஞர்.

"அந்த ரெக்கார்ட டைப் அடிச்சவனே நான்தான்யா!"

கூடமே திரும்பிப் பார்த்தது. உன் மகளும்தான்.

"அப்ப நீங்கதானா மாமா?"

பர்ஸிலிருந்து அந்தப் பழைய சீட்டை எடுத்துக் கொடுத்தேன். மஞ்சளாகிப்போன தாளில் உன் பெயர், நான் அடித்தது. இரண்டு முறை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையிலேயே திணித்தாள். "எனக்கு வேணாம். அந்தத் தாள்ல ஒட்டற வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

இருக்கிறது. திங்கட்கிழமை காலை நிலையம் திறக்கும்போது வாசலில் நிற்பேன், பசை டப்பாவோடு.