தானே எழுந்துகொண்ட கணினி

அன்புள்ள பெய்-ருங்குக்கு,

நானும் உன் அம்மாவும் நலம். குளத்துப் பால்கெண்டைகளும் நலம். நெதர்லாந்துக் குளிரில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். போனிலேயே சொல்லிவிடலாமே என்று அம்மா கேட்டாள். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் "அப்பா, அதைத் தொடாதீங்க" என்று நீ ஆரம்பித்துவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. கடைசிவரை படி.

முதலில் என் மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன். புத்தாண்டுக்கு வந்தவள், குளத்துக் கொட்டகைக் கணினியின் பயாஸ் திரைக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறாய். விண்டோஸ் வருவதற்கு முன்னால், மதர்போர்டு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நாம் சொல்லிவைக்கும் இடம் அது. அதில் நான் மெமரியின் வேகத்தைக் கூட்டினேன், அதனால் ஒரு நாள் கணினி எழவில்லை என்பது உன் வழக்கு. கூட்டினேன்தான். அந்த வேகத்தைத் தாங்கும் என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தார்கள். எனக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை, நானாகத்தான் கற்றுக்கொண்டேன், கற்றுக்கொள்கிறவனுக்கு நாலு தடவை திரை கறுக்கத்தான் செய்யும். அதற்காக வீட்டுக்காரனையே வெளியே நிறுத்திப் பூட்டுவதா?

அந்தப் பூட்டு என்ன செய்தது என்று கேள். போன மாதப் புயலில் விடியற்காலை மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் தானாகவே ஓட ஆரம்பித்தது, ஆனால் கணினி எழவில்லை. மின்சாரம் போய்த் திரும்பினால் அணைந்தே கிடக்க வேண்டும் என்று பயாஸில் இருந்திருக்கிறது; நீ பூட்டிவைத்ததால் அது என் கண்ணில் படவே இல்லை. தண்ணீரில் ஆக்சிஜன் குறைகிறதா என்று பார்த்து, தண்ணீரை அடித்துக் காற்றைக் கலக்கும் குளத்துச் சக்கரங்களைச் சுழலச் சொல்வது அந்தக் கணினிதான். அது தூங்கினால் சக்கரங்களும் நிற்கும். ஜன்னலைத் திறந்த உன் அம்மா, மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருப்பதைப் பார்த்துக் கத்தினாள். நான் மழையில் கரைமேல் ஓடி ஒவ்வொரு சக்கரத்துக்கும் கையால் சுவிட்ச் போட்டேன். வழுக்கி விழுந்து முழங்கால் சிராய்ந்தது, ஆறிவிட்டது. கடைசிக் குளத்தில் கொஞ்சம் மீன் செத்தது, மற்றவை பிழைத்தன.

இதை அம்மா உன்னிடம் சொன்னதுதான் தாமதம், "இந்த வயசுல புயல்ல கரைமேல ஓடணுமாப்பா? பேசாம குளத்தை மாமாகிட்ட குத்தகைக்கு விட்டுடுங்க" என்றாய். உன் சுன்-லாய் மாமாவுக்கு வேறென்ன வேண்டும்? அன்றைக்கே வந்து உட்கார்ந்துகொண்டு "குளத்த என்கிட்ட குடு மாப்பிள்ளை, நீ நிம்மதியா டீ குடி" என்றார். நான் உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: கடவுச்சொல்லைச் சொல், ஒரு வரியை மாற்றிக்கொள்கிறேன் என்று. நீயோ "வார லீவுல நானே பாத்துச் சொல்றேன்ப்பா, அதுவரைக்கும் கை வெக்காதீங்க" என்றாய். அதற்குள் பிலிப்பைன்ஸ் பக்கம் அடுத்த புயல் திரண்டுவிட்டது. அதற்கு உன் லீவு கணக்கெல்லாம் தெரியுமா?

ஆகவே கை வைத்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் வைத்தேன், பயப்படாதே. பெட்டியைத் திறந்து, மதர்போர்டில் காசு மாதிரி வட்டமாக இருக்கும் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து மாட்டியதும் உன் கடவுச்சொல் போயேபோய்விட்டது. கூடவே நாம் போட்டு வைத்திருந்த மற்ற அமைப்புகளும் போய்விட்டன. விண்டோஸைக் காணோம், துவக்குவதற்கு வட்டு இல்லை என்று ஒரே ஒரு வரி. அந்த நேரம் பார்த்து மாமா வந்து நின்றார். "ஹார்ட் டிஸ்க் காலி மாப்பிள்ளை. பொண்ணு பூட்டி வெச்சதத் தோண்டினா வேற என்ன ஆகும்?" என்றார். உன் அம்மாவோ, மிஷின் மக்கர் செய்யாமல் ஓட வேண்டும் என்று நம் ஊர் வழக்கப்படி கணினிமேல் வைத்திருந்த பச்சைச் சோளப்பொரிப் பொட்டலத்தை எடுத்துத் தேதியைப் பார்த்தாள். "அய்யோ, இது காலாவதியாயிடுச்சே! இதை வெச்சா மிஷின் எப்படிங்க சொன்னபடி கேக்கும்?" என்று கடைக்குக் கிளம்பிவிட்டாள். நம் ஊர்க் கடையில் மஞ்சள் பொட்டலம்தான் இருந்ததாம். மஞ்சளை வைத்தால் உள்ளதும் நின்றுவிடும் என்று ஸ்கூட்டரில் பக்கத்து ஊர் போய்ப் பச்சையே வாங்கி வந்தாள். அதற்குள் நான் கண்டுபிடித்துவிட்டேன். நம் விண்டோஸ் பழைய துவக்க முறையில் நிறுவியது, பேட்டரியைக் கழற்றியதும் மதர்போர்டு புது முறைக்குத் தாவியிருக்கிறது. பழைய முறையையும் ஏற்றுக்கொள் என்று மாற்றி, துவக்க வரிசையில் நம் வட்டை முதலில் வைத்து, கடிகாரத்தையும் சரிசெய்து சேமித்தேன். விண்டோஸ் வந்தது. அம்மா வந்து புதுப் பொட்டலத்தை மேலே வைத்து "பாத்தீங்களா?" என்றாள். அவள் வைக்கும் முன்பே திரை வந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன், காதில் வாங்கவில்லை.

அப்புறம் அந்த முக்கியமான வரி. மின்சாரம் திரும்பினால் எழுந்துகொள் என்று மாற்றிவிட்டு, மாமாவின் கண்முன்னாலேயே பிளக்கைப் பிடுங்கிச் சொருகினேன். எழவில்லை. "இதுக்கு நீ கரைமேல ஓடினதே தேவல" என்று மாமா சிரித்தார். அப்போது அம்மா "நடுவுல கரண்ட் மிச்சமாகும்னு என்னவோ ஒண்ணப் போட்டீங்களே, அது என்ன?" என்று கேட்டாள். போட்டேன். கணினி அணைந்திருக்கும்போது சொட்டு மின்சாரம்கூட இழுக்காத வசதி. மின்கட்டணம் கட்டுகிறவன் எவனும் போடத்தான் செய்வான். அது இருந்தால் மதர்போர்டு அடியோடு தூங்கிவிடுகிறது, மின்சாரம் வந்ததே அதற்குத் தெரிவதில்லை. என் தவறு என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இரண்டும் ஒத்துப்போகாது என்று திரையில் ஒரு வரி எழுதாதது மதர்போர்டு செய்தவர்களின் தவறு. அந்த வசதியை எடுத்தேன், மறுபடியும் பிடுங்கிச் சொருகினேன், தானே எழுந்தது. மாமா நம்பாமல் இன்னொரு தடவை செய்யச் சொன்னார். அப்போதும் எழுந்தது.

புயல் புதன்கிழமை மத்தியானம் வந்தது. கொட்டகைக் கூரையில் ஒரு தகடு பறந்தது, மின்சாரமும் போயிற்று. நான் ரப்பர் காலணியைத் தேடினேன். உன் அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து "உட்காருங்க. அது எழுந்துக்குதான்னு மொதல்ல பாப்போம்" என்றாள். உட்கார்ந்தேன். ஜெனரேட்டர் சத்தம் வந்தது. கொட்டகை ஜன்னலில் திரை வெளிச்சம் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீரை அடிக்கிற சத்தம், அந்தக் காற்றிலும் கேட்டது. நான் வாசலைத் தாண்டவில்லை. மறுநாள் ஒரு மீன்கூட மிதக்கவில்லை.

குத்தகைப் பேச்சு இதோடு முடிந்தது என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவரே அன்னாசிப் பழத்தோடு வந்து "என் கொட்டகை மிஷினுக்கும் அந்த வரிய மாத்திக் குடேன் மாப்பிள்ளை" என்றார். மரியாதையாகக் கேட்டதால் மாற்றிக் கொடுத்தேன். நம் கணினியின் பயாஸுக்கு இப்போது நான் ஒரு கடவுச்சொல் போட்டிருக்கிறேன். போனில் சொல்ல மாட்டேன். நேரில் வந்து கேள், யோசித்துச் சொல்கிறேன்.

காலையில் குளிர்ந்த ரொட்டியைத் தின்றுவிட்டு ஓடாதே, கஞ்சி வை, இஞ்சி போடு. கடல் தெய்வம் மாட்ஸு அன்னை உன்னைக் காக்கட்டும், போகிற வழியெல்லாம் உனக்குத் துணை நிற்கட்டும். இங்கே புயல் என்று செய்தியில் பார்த்தால் போன் செய்ய மறக்காதே. அம்மா எடுத்து அப்பா கரையில் இருக்கிறார் என்று இனிமேல் சொல்ல மாட்டாள். நானே எடுப்பேன். வீட்டுக்குள்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
குளத்தை யாருக்கும் குத்தகைக்கு விடாத உன் அப்பா,
சாய் தெங்-வாங்
சிகு, தைனான்