வியாழன் விடிந்தால் வெள்ளி

அன்புடைய நண்பருக்கு,

இன்று காலை திண்டிவனம் மேம்பாலத்தடியில் பேருந்துக்கு நின்றிருந்தேன். பக்கத்தில் ஒருவர், கல்யாணத்துக்கு வெளிநாட்டிலிருந்து வரும் உறவினருக்குக் கைப்பேசியில் வழி சொல்லிக்கொண்டிருந்தார். “ஏர்போர்ட்டு வாசல்ல எவன் கூப்பிட்டாலும் பூடாதீங்க” என்ற சொல் காதில் விழுந்ததும் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் இல்லை.

சென்னையில் நம்மவர் வீட்டுத் திருமணம் என்றால், கடல் கடந்து வருவோர் அனைவரும் முதலில் விழுப்புரத்துக்கு, உங்களுக்குத்தான் போன் செய்வார்கள். முகூர்த்தப் புடவையைக் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்வீர்கள். அதே பெயரில் மூன்று மண்டபங்கள் உண்டு, ஓட்டுநரிடம் தெருப்பெயரையும் சொல்லுங்கள் என்பீர்கள். கொசு இருக்குமா என்று கேட்ட பெண்ணிடம், “அதுவும் நம்ம சொந்தந்தாம்மா, வந்தவங்களப் பாக்காம இருக்காது” என்றீர்கள். எல்லாம் சொல்லி முடித்த பின்பும் போனை வைக்க மாட்டீர்கள். “ராத்திரி பிளேனுன்னு சொல்லாத கண்ணு. எது விடிஞ்சா எதுன்னு சொல்லு.”

பஞ்சாங்கத்தில் நாள் பிறப்பது சூரிய உதயத்தில், விமானத்தாருக்கோ நள்ளிரவில். அந்த இடைவெளியில் நம்மவர் விழுந்துவிடாமல் காத்துவந்தது அந்த ஒரு கேள்விதான் என்பது, உங்கள் மகளின் திருமணத்தில்தான் எனக்கு விளங்கிற்று.

தந்தையின் இடத்தில் நின்று தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்க, லண்டனிலிருந்து உங்கள் மகன் வருவதாக ஏற்பாடு. பயணச்சீட்டில் வெள்ளிக்கிழமை, நள்ளிரவு பன்னிரண்டே கால் மணி என்றிருந்தது. வெள்ளி இரவு ஏறுவதாக எங்களிடம் சொன்னான். பஞ்சாங்கத்தோடு வாழ்கிற எனக்கும் அது வெள்ளி இரவாகவே பட்டது. அது வியாழன் விடிந்தால் வெள்ளி. சனிக்கிழமை விடியுமுன் அழைத்தான்.

“மாமா, பிளேன் நேத்தே பூடுச்சாம். டிக்கெட்ட வச்சிக்கினு இங்கயே நிக்கறேன் மாமா.”

இடம் கிடைத்த அடுத்த விமானம் சென்னை சேர்வது ஞாயிறு நண்பகல். முகூர்த்தமோ அன்று அதிகாலை. மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்டுப் பார்த்தேன். வேறு நல்ல நேரம் இல்லை என்று மரியாதையாகவே சொன்னார்கள்.

உங்கள் மகள் அழவில்லை. “அப்பா இருந்தா கேட்டிருப்பாரு இல்ல மாமா?” என்றாள். பிறகு அவளே, “நீங்களும் அத்தையும் நில்லுங்க” என்றாள்.

நின்றோம். என் மனைவி நீர் வார்த்தாள். பெண்ணின் தந்தை பெயரைப் புரோகிதர் கேட்டபோது உங்கள் பெயரைச் சொன்னேன். அவருக்குக் கேட்காமல், இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியதாயிற்று. புகுந்த வீட்டுக்குப் புறப்படும் நேரத்தைத் தள்ளிவைக்க முடியாமல் அவளும் போய்விட்டாள். பட்டு வேட்டியோடு உங்கள் மகன் வந்து இறங்கியபோது மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

சாத்திரப்படி குறையில்லை என்று எல்லாரும் தேற்றுகிறார்கள். இருக்கலாம். மாப்பிள்ளையின் கையில் வைக்குமுன் அவள் கை என் கையில் நடுங்கியது. உங்கள் மகளை ஒப்படைத்துவிட்டேன், நண்பரே. அந்த நடுக்கத்தை மட்டும் ஒப்படைக்க ஆளின்றி வைத்திருக்கிறேன்.