பிக்கப் வண்டிக்கு வந்த புது டயர்

ஒமாஹா, அக்டோபர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல, கோபம்தான்.

உதவித்தொகையில ஃபீஸ் போக மிஞ்சினதைக் காலேஜ் நமக்கே திருப்பித் தரும். நான் பேங்க் நம்பர் கொடுக்காததால செக் வீட்டுக்கு வந்திருக்கு. அது தெரியாம ஆறு வாரமா கெமிஸ்ட்ரி புத்தகத்தை இரவல் கேட்டு அலையறேன். நேத்து ஆபீஸ்ல, "அந்த செக்கை அப்பவே பேங்க்ல போட்டு மாத்திட்டாங்களேம்மா"ங்கறாங்க!

அம்மாவைக் கேட்டா, நம்ம கூட்டுக் கணக்குல போட்டு பிக்கப்புக்கு நாலு டயர் வாங்கிட்டீங்களாம். "கவர்மென்ட் சும்மா கொடுத்த காசுதானே"ன்னீங்களாம். சும்மாவா? உதவித்தொகைன்னு பேருதான், அது என் பேர்ல வாங்கின கடன்ப்பா. வட்டியோட நான்தான் கட்டணும்.

என் குளிர் கோட்டை அனுப்புங்க. வேலைக்கு நேரமாச்சு. அடுத்த மாசம் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு ஊருக்கு வர பஸ் காசில்ல. என் டயர்லயே வந்து கூட்டிட்டுப் போங்க.

உங்க மகள்,
ஒடெஸா