மூட்டை இல்லை, பிள்ளை

பிரியமான வீட்டுக்காரருக்கு, தண்டையார்பேட்டையிலிருந்து தேவகிருபை ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீர்கள்.

நம் ரெஜியின் மூத்தவனுக்குக் கப்பல் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. சின்னவன் கால்பந்தில் கோப்பை வாங்கினான். மகள் ஜெனிலா வகுப்பிலேயே முதல் மார்க். அவள்தான் சாப்பாட்டை வெறுத்து, ராயபுரத்தில் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். பயப்படாதீர்கள், தேற்றிவிடலாம் என்கிறார் டாக்டரம்மா. இங்கே ரெஜி கடைப் பையன்களுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு நான் போய் அவளோடு இருக்கிறேன்.

நேற்று ஆயா அவளைத் தராசில் ஏற்றி, வார்டு முழுக்கக் கேட்க எடையைக் கூவினாள். "இன்னா பாப்பா, ஏறவே மாட்டேங்குது? சீன் போடாம துன்னு!"

எனக்கு ரத்தம் கொதித்தது. "ஏட்டி, இது என்ன புளி மூட்டையா, கூவி நிறுக்கதுக்கு? சீக்காளிப் பிள்ளைக்கு மானம் கிடையாதா?" என்று கத்திவிட்டேன். டாக்டரம்மா ஓடிவந்து, இனி பிள்ளையைத் திருப்பி நிறுத்தி, எடையைச் சொல்லாமல் நிறுக்கச் சொன்னார்.

பிள்ளை என்னிடம், "தாத்தாவும் இப்டித்தான, ஆச்சி, கூவுவாங்க?" என்றாள்.

ஒவ்வொரு லீவுக்கும் அவளை நம் கடைத் தராசில் உட்காரவைத்து, தெருவே சிரிக்க, "கருப்பட்டி மூட்டை" என்பீர்களே! விளையாட்டுக்கும் இனி வேண்டாம். அவளைத் தராசில் வைத்து எடுத்துச் சுவரில் மாட்டியிருக்கும் அந்தப் படத்தை இன்றே கழற்றுங்கள்.

அவளோடு யாராவது உட்கார்ந்து சாப்பிட வேண்டுமாம். எனக்கும் இங்கே தனியாகச் சோறு இறங்கவில்லை. வார்டுக்குள் போன் விடமாட்டார்கள். நீங்கள் தட்டு முன்னால் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி புதுப் படம் எடுத்து, உடனே தபாலில் அனுப்புங்கள்; அதை எதிரில் வைத்துக்கொண்டு நானும் பிள்ளையும் சாப்பிடுகிறோம்.